மேட்ரிக்ஸ்: ஒரு சொல்லின் தாய்வீடு

டர்பனில் ஜனவரி பிறந்தால் தமிழர் வீடுகளில் இரண்டு பேச்சுதான். தைப்பூசக் காவடிக்கு யார் யார் விரதம் இருக்கிறார்கள் என்பது ஒன்று. மெட்ரிக் ரிசல்ட் எப்போது வருகிறது என்பது மற்றொன்று. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வைத்தான் தென்னாப்பிரிக்காவில் எல்லோரும் மெட்ரிக் என்கிறார்கள். 2008 முதல் சான்றிதழில் தேசிய மேல்நிலைச் சான்றிதழ் என்று அச்சாகிறது. ஆனால் பேச்சில் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் எதிர்வீட்டுப் பெண்ணுக்கு இரண்டு வருடமாக மாலையில் கணக்கு சொல்லிக்கொடுத்தேன். நல்ல மதிப்பெண் எடுத்தாள், பொறியியலுக்கு இடமும் கிடைத்தது. ஒரு வாரம் கழித்து முதல் வருடக் கணக்குப் புத்தகத்தோடு வந்து நின்றாள். உள்ளே மேட்ரிக்ஸ் என்று ஒரு பாடம். இங்கே பள்ளியின் வழக்கமான கணக்குப் பாடத்தில் மேட்ரிக்ஸ் கிடையாது. பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகுதான் பிள்ளைகள் அதை முதன்முதலாகப் பார்க்கிறார்கள். பக்கம் முழுக்கச் சதுர அடைப்புக்குள் எண்கள். அவள் கேட்டது எண்களைப் பற்றி அல்ல.

“அங்கிள், மெட்ரிக், மேட்ரிக்ஸ், ரெண்டும் ஒரே வார்த்தையா?”

ஆமாம், ஒரே வார்த்தைதான். இத்தனை வருடத்தில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. அதற்கு அன்று சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் நிதானமாக இங்கே எழுதுகிறேன்.

இலத்தீனில் ‘மாட்டெர்’ என்றால் தாய். நம் காதுக்குப் பழகிய ‘மாதா’வுக்கு ஒன்றுவிட்ட சகோதரி அது. சமஸ்கிருதமும் இலத்தீனும் ஒரே மொழிக்குடும்பம் என்பதால் இரண்டிலும் அம்மாவின் பெயர் இவ்வளவு நெருக்கம். அந்த மாட்டெரிலிருந்து வந்தது ‘மாட்ரிக்ஸ்’. பழைய ரோமானிய விவசாயிகளின் பேச்சில் அது குட்டி போடுவதற்கென்றே வளர்க்கும் பெண் விலங்கைக் குறித்தது. கன்றும் கிளையும் விடுகிற தாய்மரத்துக்கும் அதே பெயர். நாம் வாழைத்தோட்டத்தில் தாய்வாழை, பக்கக்கன்று என்று சொல்கிறோம் அல்லவா, அதே மாதிரி. பின்னால் அந்தச் சொல் கருப்பையைக் குறிக்கத் தொடங்கியது. ஆங்கிலத்துக்கும் முதலில் அந்தப் பொருளில்தான் போனது. 1611-ல் வெளியான ஆங்கில பைபிளில், தலைப்பிள்ளையைப் பற்றிப் பேசும் யாத்திராகமம் 13-ஆம் அதிகாரத்தில், தமிழ் பைபிள் கர்ப்பம் என்று சொல்கிற இடத்தில் மேட்ரிக்ஸ் என்றே இருக்கிறது.

திண்ணையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அவளுடைய ஆயா, அதாவது பாட்டி, இதைக் கேட்டுவிட்டு, “அம்மா வயிறுன்னு சொல்லேன், அதுக்கு எதுக்கு இவ்ளோ பெரிய பேரு?” என்றார். ஆயா சொன்னது சரி. அம்மா வயிறு என்று மனதில் வைத்துக்கொண்டால், இந்தச் சொல் எந்தத் துறையில் வந்தாலும் பாதி புரிந்துவிடும். அங்கே எது பிறக்கிறது, எதற்குள்ளிருந்து பிறக்கிறது என்று மட்டும் கேட்டால் போதும்.

முதலில் மெட்ரிக். பிற்கால இலத்தீனில் பதிவேட்டுக்கும் மாட்ரிக்ஸ் என்று பெயர் வந்தது. ஏட்டுக்கும் அம்மாவுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். ஊரில் நிலம் வாங்கும்போது, “தாய்ப்பத்திரம் இருக்கா?” என்று கேட்போமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த ஏட்டிலிருந்து மற்றவை கிளைக்கின்றனவோ, அது தாய். அந்தச் சொல்லோடு ‘சின்ன’ என்று பொருள் தரும் விகுதி சேர்ந்து ‘மாட்ரிகுலா’ ஆனது. சின்ன ஏடு, பெயர்ப் பட்டியல். பல்கலைக்கழகத்தில் சேரும் மாணவனின் பெயரை அந்தப் பட்டியலில் எழுதுவதுதான் மெட்ரிகுலேஷன். அப்படி எழுதப்படுவதற்கான தகுதித் தேர்வுக்கும் பெயர் ஒட்டிக்கொண்டது. தென்னாப்பிரிக்காவில் அது மெட்ரிக் என்று சுருங்கியது, தமிழ்நாட்டில் மெட்ரிகுலேஷன் பள்ளி என்று பலகையில் ஏறியது. கடைசியில் இருக்கிற ‘க்ஸ்’ எப்படி ‘க்’ ஆனது என்று அந்தப் பெண் கேட்டாள். இலத்தீனில் அந்தச் சொல்லுக்கு வேற்றுமை உருபு ஏறும்போது அடிச்சொல் ‘மாட்ரிக்’ என்றுதான் நிற்கும். நம் ‘மரம்’, ‘மரத்தை’ என்று மாறுவது போல.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். கிலோ, மீட்டர் அளக்கும் மெட்ரிக் முறையைத் தமிழில் எழுதினாலும் அதே எழுத்துகள்தான் வரும். அது வேறு சொல். அளவு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அதற்கும் நம் தாய்க்கும் உறவு இல்லை.

பட்டியல் என்றதும் இந்த ஊர்த் தமிழர்களுக்கு நினைவு வருவது கப்பல் பட்டியல்தான். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து டர்பனுக்கு வந்து சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை 1,52,000-க்கும் மேற்பட்டவர்கள் கரும்புத் தோட்டத்துக்கும் நிலக்கரிச் சுரங்கத்துக்கும் ரயில் பாதைக்கும் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டாலில் இறங்கினார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண். பக்கத்தில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள தழும்பு. நான் பார்த்த ஒரு பக்கத்தின் நகலில் ஊர்ப் பெயர்கள் காதில் விழுந்தபடி எழுதப்பட்டு அடையாளம் தெரியாமல் சிதைந்திருந்தன. எண்கள் மட்டும் சுத்தமாக, கோடு தப்பாமல் இருந்தன. நேட்டாலில் அதற்குக் காலனி எண் என்று பெயர். பிரெஞ்சு வழங்கிய ரீயூனியன் தீவில் அதே எண்ணுக்கு ‘மத்ரிக்யூல்’ என்றே பெயர். நம் சொல்தான். இன்றைக்கும் பிரெஞ்சில் காரைப் பதிவு செய்வதற்கு ‘இம்மத்ரிக்யூலாசியோன்’ என்கிறார்கள். ஒரு தீவில் நம் முன்னோரின் எண்ணுக்கு வைத்ததும், இங்கே நம் பிள்ளைகள் பெருமையோடு சுவரில் மாட்டுவதும் ஒரே சொல் என்று தெரிந்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

சரி, ஏட்டை மூடிவிட்டு அச்சகத்துக்குப் போவோம். ஈய எழுத்துக் காலத்தில் ஒரு எழுத்து எப்படிப் பிறந்தது என்று பாருங்கள். ‘க’ என்ற எழுத்தை எஃகுக் கம்பியின் முனையில் தலைகீழாக, கண்ணாடியில் தெரிவது போலச் செதுக்குவார்கள். அந்த எஃகை வைத்துச் செம்புக் கட்டியில் ஓங்கி அடித்தால் செம்பில் ‘க’ பள்ளமாகப் பதியும். இப்போது அது நேராக இருக்கும். அந்தப் பள்ளத்தில் உருக்கிய ஈயக் கலவையை ஊற்றினால், ஆறியதும் ஒரு குட்டி ‘க’ வெளியே வரும். ஒரே பள்ளத்திலிருந்து எத்தனை ஆயிரம் வேண்டுமானாலும் வார்க்கலாம், அத்தனையும் ஒரே முகம். அந்தச் செம்புப் பள்ளத்தின் பெயர் மேட்ரிக்ஸ். குழியாக, உள்ளே வாங்கி, உருவம் கொடுத்து வெளியே விடுவது. இதைவிடப் பொருத்தமான பெயர் இருக்க முடியாது. தமிழிலும் இதே எண்ணம் ஓடியிருக்கிறது. வார்ப்பு அச்சுக்கு ‘அச்சுக்கரு’ என்று பழைய சொல் உண்டு. கோயிலில் சாமி இருக்கும் இடத்தையும் கருவறை என்றுதானே சொல்கிறோம்.

1578-ல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கத்திலிருந்து தமிழ் ஈய எழுத்துக்கு நீண்ட வரலாறு. டர்பனுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. 1903-ல் இங்கே தொடங்கிய ‘இந்தியன் ஒப்பீனியன்’ பத்திரிகை ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என நான்கு மொழிகளில் வந்தது. அடுத்த வருடம் காந்தி ஃபீனிக்ஸில் நிலம் வாங்கி அச்சகத்தையே அங்கே கொண்டுபோனார். தமிழ்ப் பக்கங்கள் நெடுநாள் நிலைக்கவில்லை. ஆனாலும் வந்த நாளில் அந்தப் பக்கங்களுக்காகக் கையால் கோத்த ஒவ்வொரு ஈய எழுத்தும் எங்கோ ஒரு செம்புக் குழியில் பிறந்ததுதான். இசைத்தட்டுத் தொழிலில் உறவுமுறை இன்னும் வெளிப்படை. மூலத்தட்டிலிருந்து எடுக்கும் உலோகத் தகடுகளில் ஒன்றுக்குத் தந்தை என்றும், அடுத்ததற்குத் தாய் என்றும் பெயர் வைத்திருந்தார்கள். தட்டின் நடுப்பகுதிக்கு அருகில் கீறியிருக்கும் எண்ணுக்கு மேட்ரிக்ஸ் எண் என்று பெயர். தாத்தா வைத்துவிட்டுப் போன பழைய பாட்டுத்தட்டு வீட்டில் இருந்தால் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், தெரியும்.

நிலவியல் படிக்கிறவர்களுக்கு இந்தச் சொல் வேறு விதமாக அறிமுகமாகும். பெரிய கல்லோ படிகமோ எந்தப் பாறைக்குள் பொதிந்து கிடக்கிறதோ, அந்தப் பாறை மேட்ரிக்ஸ். தென்னாப்பிரிக்காவில் இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டாம், கிம்பர்லி இருக்கிறது. 1871-ல் அங்கே ஒரு சிறு குன்றில் வைரம் கிடைத்தது. 1914 வரை தோண்டினார்கள். குன்று போய்ப் பெரும் பள்ளம் ஆயிற்று. நேட்டாலில் ஒப்பந்தம் முடிந்த இந்தியர்களில் சிலரும் அந்த வைர வயல்களைத் தேடிப் போனார்கள். வைரத்தைப் பொதிந்து வைத்திருக்கும் நீலச்சாம்பல் நிறப் பாறைக்கு ஊர்ப் பெயரையே வைத்து கிம்பர்லைட் என்றார்கள்.

ஆனால் இந்தப் பாறை வைரத்தின் பெற்ற தாய் இல்லை. வைரம் உருவானது தரைக்குக் கீழே 150 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில். கிம்பர்லியின் பாறைக்குழம்பு மேலே பொங்கி வந்தது சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன்னால். அது வரும் வழியில் ஏற்கெனவே அங்கே கிடந்த, நூறு கோடி ஆண்டுகளைத் தாண்டிய வைரங்களை வாரிச் சுமந்துகொண்டு வந்தது. அவ்வளவுதான் அதன் வேலை. கிம்பர்லைட்டில்தான் வைரம் பிறக்கிறது என்று முற்காலத்தில் நினைத்தார்கள். இப்போது அப்படி இல்லை என்று தெரியும். வளர்ப்புத் தாய் என்று சொன்னால் சரியாக இருக்கும். இந்த இடத்தில் மேட்ரிக்ஸ் என்ற சொல்லின் பொருளும் சற்று நகர்ந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். பெற்றெடுக்கும் இடம் என்பது போய், பொதிந்து தாங்கும் இடம் என்று ஆகிவிட்டது.

அந்த நகர்ந்த பொருளில்தான் பொறியியலில் இதைப் பயன்படுத்துகிறார்கள். டர்பன் கடற்கரையில் இளைஞர்கள் அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடும் அலைச்சறுக்குப் பலகையின் மேல்தோலை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி இழைத் துணி, அதைச் சூழ்ந்து இறுகிய பிசின். இழை பலம் தருகிறது, பிசின் இழைகளைப் பிடித்து வைத்திருக்கிறது. அந்தப் பிசின்தான் மேட்ரிக்ஸ். வைக்கோல் சேர்த்துப் பிசைந்த மண்சுவரில் மண் செய்யும் வேலையும் இதேதான்.

உயிரியலில் இரண்டு பொருளும் கலந்தே கிடக்கின்றன. செல்களைச் சுற்றி அவற்றைத் தாங்கி நிற்கும் பொருளும் மேட்ரிக்ஸ். செல்லுக்குள் ஆற்றலைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வுக்குள் இருக்கும் கூழும் மேட்ரிக்ஸ். ஆனால் தாய் என்ற பழைய பொருள் அப்படியே உயிரோடு இருப்பதைப் பார்க்க நுண்ணோக்கி வேண்டாம், உங்கள் கட்டைவிரல் போதும். நகத்தின் அடியில் பிறைபோல் ஒரு வெளுப்பு தெரிகிறதா? நகத்தை உருவாக்கும் திசு அங்கிருந்து தோலுக்கு உள்ளே போகிறது. அதன் பெயர் நக மேட்ரிக்ஸ். அதில் புதுச் செல்கள் பிறந்து, முன்னால் இருப்பதைத் தள்ள, கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளர்கிறது. நகம் முழுவதும் பெயர்ந்தாலும் அந்தத் தாய்த்திசு கெடாமல் இருந்தால் திரும்ப முளைத்துவிடும். ஆயா தன் வலது பெருவிரலை நீட்டிக் காட்டினார். சின்ன வயதில் அம்மிக்கல் விழுந்த விரல். நகம் நடுவில் பிளந்து, பிறை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வடு. அறுபது வருடமாக அந்த இடத்திலிருந்து பிளந்த நகம்தான் வந்துகொண்டிருக்கிறது. எந்தப் புத்தகப் படமும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

இனி கணக்கு. அந்தப் பெண் கேட்க வந்தது இதைத்தான். நான் படித்த காலத்தில் கரும்பலகையில் ஒரு அடைப்பு போட்டு, “இது அணி, எழுதிக்கோ” என்றார்கள். ஏன் இந்தப் பெயர் என்று யாரும் சொல்லவில்லை. பெயர் வைத்தவரோ காரணத்தை மறைக்கவே இல்லை.

அவர் ஜேம்ஸ் ஜோசஃப் சில்வெஸ்டர், 1814-ல் பிறந்த ஆங்கிலேய யூதர். கேம்பிரிட்ஜின் மெட்ரிக் பட்டியலில் அவர் பெயர் ஏறியது. 1837-ல் கணிதத் தேர்வில் இரண்டாவதாக வந்தார். ஆனால் பட்டம் வாங்க ஆங்கிலத் திருச்சபையின் கொள்கைகளை ஏற்றுக் கையெழுத்திட வேண்டும். அவர் மறுத்தார், பட்டம் கிடைக்கவில்லை. அதைக் கொடுக்க அவர்களுக்கு 1872 ஆனது. ‘உனக்கு இங்கே இடமில்லை’ என்று சொல்லிப் படிப்பை மறுத்த ஒரு நாட்டில் இருந்துகொண்டு இதைப் படிக்கும்போது அந்த மனிதர் மிக நெருக்கமாகத் தெரிகிறார்.

1850-ல் அவர் எழுதிய கட்டுரையில்தான் கணிதத்துக்கு மேட்ரிக்ஸ் என்ற சொல் முதலில் வந்தது. அப்போது டிட்டர்மினன்ட், அதாவது அணிக்கோவை, ஏற்கெனவே பழக்கத்தில் இருந்தது. இரண்டுக்கு இரண்டாக நான்கு எண்களை வைத்து, குறுக்கே பெருக்கி, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் வரும் ஒற்றை எண் அது. அதற்கு வரிசையும் நெடுவரிசையும் சமமாக இருக்க வேண்டும். சமமில்லாத ஒரு செவ்வகத்தை எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று சில்வெஸ்டர் பார்த்தார். அவளுக்குப் போட்டுக் காட்டிய கணக்கையே இங்கே தருகிறேன். மேல் வரிசையில் 2, 3, 5. கீழ் வரிசையில் 1, 4, 6.

இதில் நெடுவரிசைகள் மூன்று. ஒரு நேரத்தில் இரண்டை மட்டும் எடுத்தால் சதுரம் கிடைக்கும். முதல் இரண்டை எடுங்கள்: இரண்டை நான்கால் பெருக்கினால் 8, மூன்றை ஒன்றால் பெருக்கினால் 3, கழித்தால் 5. முதலையும் மூன்றாவதையும் எடுங்கள்: 12-லிருந்து 5 போனால் 7. கடைசி இரண்டை எடுங்கள்: 18-லிருந்து 20-ஐக் கழித்தால் -2. ஒரே செவ்வகத்திலிருந்து 5, 7, -2 என்று மூன்று அணிக்கோவைகள் பிறந்துவிட்டன. செவ்வகம் பெரிதானால் பிள்ளைகளும் பெருகும். 1851-ல் சில்வெஸ்டர் இதை விளக்கும்போது, ஒரே பெற்றோரின் கருப்பையிலிருந்து பிறப்பதுபோல் இந்தச் செவ்வகத்திலிருந்து பலவகை அணிக்கோவைகள் பிறக்கின்றன, அதனால்தான் மேட்ரிக்ஸ் என்கிறேன் என்ற பொருளில் எழுதினார். பிறகு அவருடைய நண்பர் ஆர்தர் கெய்லி 1858-ல் இந்தச் செவ்வகங்களையே எண்களைப் போலக் கூட்டவும் பெருக்கவும் விதிகள் எழுதினார். அன்றிலிருந்து தாயே முக்கியமானவள் ஆகிவிட்டாள், பிள்ளைகள் பின்னால் போய்விட்டார்கள். இன்றைய பாடப்புத்தகத்தில் மேட்ரிக்ஸ்தான் முதலில் வரும், டிட்டர்மினன்ட் அதற்கு அடுத்து வரும். பிறந்த வரிசை நேர்மாறு.

தமிழில் இதற்கு இரண்டு பெயர். தமிழ்நாட்டுப் பாடநூல் ‘அணி’ என்கிறது. அணிவகுப்பு, அணி அணியாக நிற்பது என்று வரிசை ஒழுங்கைக் காட்டும் சொல். இலங்கைப் பாடநூல் ‘தாயம்’ என்கிறது. முதலில் கேட்டால் தாயக்கட்டைதான் நினைவுக்கு வரும், ஆனால் சொல்லுக்குள் தாய் கேட்கிறாள். வகுப்பில் நான் அணி என்றே சொல்லிப் பழகிவிட்டேன். ஆனாலும் முதல் நாள் ஒரு பிள்ளைக்கு விளக்க வேண்டும் என்றால் இலங்கைக்காரர்களின் சொல்லைத்தான் கையில் எடுப்பேன்.

அணி என்ற பெயர் பிடித்த பாதியும் பொய்யில்லை. கணிதத்துக்குப் பிறகு உலகம் இந்தச் சொல்லில் கண்டது கருப்பையை அல்ல, கட்டங்களை. ரசீது அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் ஊசிகள் குத்தும் புள்ளிக் கட்டம் மேட்ரிக்ஸ். அலுவலகத்தில் ஆபத்தின் வாய்ப்பை ஒருபக்கமும் பாதிப்பை இன்னொரு பக்கமும் போட்டு நிறம் தீட்டும் அட்டவணை மேட்ரிக்ஸ். ஒரு ஊழியருக்கு இரண்டு மேலாளர் இருக்கும் நிர்வாக முறையும் மேட்ரிக்ஸ். இவற்றில் எது பிறக்கிறது என்று தேடிக்கொண்டு உட்கார வேண்டாம். குறுக்கும் நெடுக்குமாக வரிசை இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

போன வாரம் அவள் பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்தாள். கணினிப் பாடத்தில் கன்ஃப்யூஷன் மேட்ரிக்ஸ் என்று ஒன்று வந்ததாம். ஒரு நிரல் பூனை என்று சொன்னதில் எத்தனை உண்மையில் பூனை, எத்தனை நாய், நாய் என்று சொன்னதில் எத்தனை நாய், எத்தனை பூனை என்று எண்ணி எழுதும் நான்கு கட்டம். “அங்கிள், இதுல ஒண்ணும் பிறக்கலையே?” என்றாள். பிறக்கவில்லைதான், அது வெறும் அணி என்றேன். தலையை ஆட்டிவிட்டு நோட்டில் கட்டம் போடத் தொடங்கினாள்.